லைட் ரெயிலா, ஹெவி ரெயிலா? சென்னைக்கு எது தேவை?

எடையில் இல்லை சூட்சுமம். கூட்டக் கணக்கில் இருக்கிறது!

சென்னை,

சாயங்காலம் ஆறே கால் மணி. வெளியே கொட்டுகிற மழை. அந்தரத்தில், தூண்களுக்கு மேலே, ஓடிக்கொண்டிருந்த ரெயில் ஒன்று திடீரென்று நின்றுவிட்டது. ஏ.சி. நின்றது. கதவு திறக்கவில்லை. உள்ளே நெருக்கியடித்து நின்ற ஆண்களும் பெண்களும் மூச்சுத் திணறினார்கள். "காப்பாத்துங்க" என்று செல்போனில் வெளியே தகவல் பறந்தது.

தீயணைப்புப் படையினர் ராட்சத ஏணி வண்டிகளுடன் விரைந்து வந்தார்கள். ஒவ்வொருவராகக் கீழே இறக்கினார்கள். 580-க்கும் மேற்பட்ட பயணிகள் மீட்கப்பட்டார்கள். இறக்கி முடிக்க 3 மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இது நடந்தது மும்பையில். 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி. நின்றுபோனது அந்த ஊர் மோனோ ரெயில்.

எதனால் நின்றது தெரியுமா? இஞ்சின் கோளாறு இல்லை. சதி வேலை இல்லை. ஏறிய கூட்டம்தான் காரணம்! அந்த ரெயில் தாங்கக்கூடிய மொத்த எடை 104 டன். அன்று இருந்ததோ 109 டன். பாரம் கூடியதால் மின்சாரம் எடுக்கும் பட்டையுடன் இருந்த தொடர்பு விட்டுப் போனது என்று மும்பை அதிகாரிகள் அறிவித்தார்கள்.

அவ்வளவு கூட்டம் ஏன் அதில் ஏறியது? கனமழையால் பக்கத்தில் ஓடும் புறநகர் மின்சார ரெயில் நின்றுவிட்டது. வீடு திரும்ப வேண்டிய ஜனங்கள் கண்ணில் பட்ட மோனோ ரெயிலில் போய் ஏறிவிட்டார்கள். பெரிய ரெயில் சுமக்க வேண்டிய பாரத்தைச் சின்ன ரெயில் தலையில் ஏற்றினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

சரி, மும்பை கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். விஷயம் இருக்கிறது. "மெட்ரோ வருது", "லைட் ரெயில் வருது", "மெட்ரோ லைட் வருது" என்று நம் ஊரிலும் அடிக்கடி பேச்சு அடிபடுகிறது. டீக்கடையில் நாமும் பேசுகிறோம். ஆனால் எது லைட், எது ஹெவி, எதை எங்கே போட வேண்டும் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள். கொட்டுகிற பணமோ நம்முடைய வரிப்பணம். தொங்குகிற உயிரோ நம்முடைய உயிர். ஆகவே இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

எடை அல்ல, கூட்டம்!

லைட் ரெயில் என்றால் லேசான தகரத்தில் செய்த ரெயில், ஹெவி ரெயில் என்றால் கனத்த இரும்பில் செய்த ரெயில் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

லைட் என்பது பெட்டியின் எடையைக் குறிக்கும் சொல் அல்ல. அது சுமக்கும் கூட்டத்தைக் குறிக்கும் சொல். கம்மிக் கூட்டத்துக்கு லைட், பெருங்கூட்டத்துக்கு ஹெவி. 1972-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் பழைய டிராமைப் புதுப்பித்து மறுபடியும் கொண்டுவரப் பார்த்தபோது புழக்கத்துக்கு வந்த பெயர் இது. டிராம் என்றால் பழசாகத் தெரியுமே, அதனால் புதுப்பெயர்!

நம் கடற்கரை - தாம்பரம் மின்சார ரெயில் ஹெவி ரெயில். பறக்கும் ரெயிலும் ஹெவிதான். ஏ.சி. போட்ட மெட்ரோவும் பளபளவென்று இருந்தாலும் ஹெவி ரெயில் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். கல்கத்தா டிராம் லைட் ரெயிலுக்குத் தாத்தா. மோனோ ரெயில் ஒற்றைப் பாலத்தின் மேல் ஓடுவது. அதை லைட் ரெயிலுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

தனிப்பாதை

அடுத்த வித்தியாசம் பாதை.

ஹெவி ரெயிலுக்குத் தனிப்பாதை வேண்டும். குறுக்கே ஆட்டோ வரக்கூடாது, மாடு வரக்கூடாது, ஆள் வரக்கூடாது. அதனால்தான் மெட்ரோவைத் தூண் மேல் தூக்குகிறார்கள்; இல்லையென்றால் பூமிக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறார்கள்.

லைட் ரெயில் அப்படி அடம் பிடிக்காது. ரோட்டோடு ரோடாக, நடுவில் வேலி போட்ட இரண்டு தண்டவாளத்தில் ஓடும். நாற்சந்தியில் சிக்னல் விழுந்தால் நிற்கும், பச்சை விழுந்தால் போகும். தெருமுனையில் சுமார் 25 மீட்டர் வளைவு கிடைத்தாலும் திரும்பிவிடும். மெட்ரோ திரும்ப 100 மீட்டருக்கும் மேலான பெரிய வளைவு வேண்டும். நேராகப் போகிற மெட்ரோ, தெரு திரும்புகிற இடத்தில் வீடுகளுக்கு அடியில் புகுந்து போவது ஏன் என்பது இப்போது விளங்கும்.

ஸ்டேஷனும் அப்படித்தான். லைட் ரெயிலுக்கு ரோட்டோரத்தில் ஒரு மேடை, ஒரு கூரை போதும். அரை கிலோமீட்டருக்கு ஒன்று வைக்கலாம். மெட்ரோவுக்கு எஸ்கலேட்டர், லிப்ட், டிக்கெட் கதவு என்று பெரிய கட்டிடம் வேண்டும். நம் மெட்ரோவின் முதல் கட்டம் 45 கிலோமீட்டர்; ஸ்டேஷன்கள் 32. அதாவது சுமார் ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒன்று.

செலவில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். மதிப்பீடு 63 ஆயிரத்து 246 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்கு 530 கோடி ரூபாய்க்கு மேல்! ரோட்டு மேல் ஓடும் லைட் ரெயிலுக்கு இதில் பாதிகூட ஆகாது.

மளிகைக் கடைக் கணக்கு

அப்படியானால் எல்லா இடத்திலும் லைட் ரெயிலே போட்டுவிடலாமே? அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

அதிகாரிகள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. காலை, மாலை நெருக்கடி நேரத்தில், ஒரு மணி நேரத்தில், ஒரே திசையில் எத்தனை பேர் போகிறார்கள்? இதை வைத்துத்தான் எந்த வண்டி என்று முடிவு செய்ய வேண்டும். மளிகைக் கடைக் கணக்கு மாதிரி போட்டுப் பார்ப்போம்.

ஒரு பஸ்சில் 70 பேர். நிமிடத்துக்கு ஒரு பஸ் விட்டால் மணிக்கு 4,200 பேர்.

லைட் ரெயிலில் 300 பேர் என்று வையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று விட்டால் மணிக்கு 9 ஆயிரம் பேர்.

சென்னையில் ஓடும் 4 பெட்டி மெட்ரோவில் நெருக்கி நின்றால் சுமார் 1,250 பேர். இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று விட்டால் மணிக்கு 30 ஆயிரம் பேர்.

மும்பைப் புறநகர் ரெயில் இதற்கெல்லாம் மேலே. 1,700 பேருக்கென்று செய்த 9 பெட்டி ரெயிலில் 4,500 பேர் வரை ஏறுகிறார்கள் என்பது பல வருஷமாகச் சொல்லப்படும் கணக்கு.

மத்திய அரசும் இதே கணக்கைத்தான் பார்க்கிறது. 2019-ல் மெட்ரோ லைட் என்ற பெயரில் லைட் ரெயிலுக்கு விதிமுறை வெளியிட்டது. 3 பெட்டி ரெயில்; மணிக்கு 15 ஆயிரம் பேர் வரை உள்ள தடத்துக்கு ஏற்றது. அதற்கும் கீழே, 8 ஆயிரம் பேர் வரை உள்ள தடத்துக்கு மெட்ரோ நியோ. அது டயர் சக்கரத்தில் ஓடும் மின்சார வண்டி, தண்டவாளமே கிடையாது.

ஆக, 5 ஆயிரம் பேர் போகிற ரோட்டில் மெட்ரோ போட்டால் காசு தண்டம். 30 ஆயிரம் பேர் போகிற ரோட்டில் லைட் ரெயில் போட்டால் உயிருக்கு ஆபத்து. மும்பை மோனோ ரெயில் இரண்டாவதற்குச் சாட்சி. முதலாவதற்கு? சாட்சி நம்ம ஊரிலேயே இருக்கிறது.

பறக்கும் ரெயில் சொன்ன பாடம்

1995-ம் ஆண்டு கடற்கரையில் இருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரெயில் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் தூண் மேல் ஓடிய முதல் ரெயில் பாதை என்று ஊரே பெருமைப்பட்டது. 1997-ல் மயிலாப்பூர் வந்தது. 2004-ல் திருவான்மியூர். 2007-ல் வேளச்சேரி.

கோட்டை மாதிரி ஸ்டேஷன்கள் கட்டினார்கள். ஆனால் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை! பெரிய கட்டிடத்தில் பத்து பேர் நின்றால் எப்படி இருக்கும்? சாயந்திரம் ஆனால் பெண்கள் தனியாகப் படி ஏறப் பயந்தார்கள். வெறிச்சோடிய மாடிகளும் எரியாத விளக்குகளும்தான் பல வருஷம் பறக்கும் ரெயிலின் அடையாளமாக இருந்தன.

ஏன் இந்தக் கதி? ரெயில் ஒரு குற்றமும் செய்யவில்லை. கடற்கரை - தாம்பரம் பாதையில் ஓடும் அதே ஜாதி மின்சார ரெயில்தான் இதிலும் ஓடுகிறது. அங்கே கால் வைக்க இடம் இல்லை. இங்கே காற்றாடியது.

முதல் காரணம் பாதை. நிலம் சுலபமாகக் கிடைத்தது என்பதற்காகப் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே தூண்களை நட்டார்கள். ஜனங்கள் நடமாடும் கடைவீதி ஒரு பக்கம், ஸ்டேஷன் ஒரு பக்கம். இரண்டாவது காரணம் பஸ். ரெயிலை விட்டு இறங்கினால் வாசலில் பஸ் இல்லை. "ரெயிலுக்குக் கொடுக்கிறது அஞ்சு ரூபா, வீட்டுக்குப் போக ஆட்டோவுக்குக் கொடுக்கிறது அம்பது ரூபா" என்று அலுத்துக்கொள்ளாத பயணி உண்டா?

மூன்றாவது காரணம் அறுந்த நூல். வேளச்சேரியில் இருந்து பரங்கிமலை வரை வெறும் 5 கிலோமீட்டர். அதை இணைத்துவிட்டால் தாம்பரம் பாதையோடும் மெட்ரோவோடும் சேர்ந்துவிடும். 2008-ல் தொடங்கிய வேலை இது. அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கு விவகாரத்தில் சிக்கி 15 வருஷத்துக்கு மேல் இழுத்தது. பாலத்தைக் கட்டி, கடைசித் தூணுக்கு இடம் இல்லாமல் நிறுத்திய கதை!

பெரிய ரெயில் போட்டால் மட்டும் போதாது. கூட்டம் இருக்கும் இடத்தில் போட வேண்டும், இறங்கியவனுக்கு அடுத்த வண்டி காட்ட வேண்டும். இதுதான் பறக்கும் ரெயில் சொன்ன பாடம்.

டிராம் ஓடிய சென்னை

லைட் ரெயில் சென்னைக்குப் புதுசு என்று நினைத்தால் அதுவும் தவறு. இந்தியாவின் முதல் மின்சார டிராம் ஓடியதே இந்த ஊரில்தான்! 1895-ம் ஆண்டு மே மாதம் தொடங்கியது. மவுண்ட்ரோடு, பாரிமுனை, பூந்தமல்லி ரோடு என்று மணியடித்துக்கொண்டு ஓடியது.

58 வருஷம் ஓடிய டிராம் 1953-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் நின்றது. நடத்திய கம்பெனி நஷ்டத்தில் மூழ்கியது. பஸ் போட்டிக்கு வந்தது. தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள், சிலவற்றின் மேல் தார் ஊற்றினார்கள். அதோடு லைட் ரெயில் அத்தியாயம் முடிந்தது.

அதே காலத்தில் பிறந்த இன்னொன்று பிழைத்துக்கொண்டது. 1931-ல் கடற்கரை - தாம்பரம் இடையே மின்சார ரெயில் வந்தது. அது ரோட்டில் பங்கு கேட்கவில்லை. தனிப்பாதையில் ஓடியது. அதை நம்பி மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை என்று ஊர்கள் பெருத்தன. டிராம் போய்விட்டது, மின்சார ரெயில் நிற்கிறது. பாதை யாருக்குச் சொந்தமோ அவன்தான் பிழைப்பான் என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

கல்கத்தாவிலும் இதே கதை. 1902-ல் மின்சார டிராம் ஓடிய ஊர் அது. 1984-ல் நாட்டின் முதல் மெட்ரோ ரெயிலும் அங்கேதான் வந்தது. மெட்ரோ கொழித்தது. டிராமோ கார், லாரி, ரிக்‌ஷாவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ஊர்ந்தது. நெரிசலுக்கே டிராம்தான் காரணம் என்று பழி விழுந்தது. கடைசியில் 2024-ல், எஸ்பிளனேடு - மைதானம் தடத்தை மட்டும் பழைய ஞாபகத்துக்கு வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக மேற்கு வங்காள அரசு அறிவித்தது.

ஆனால் லைட் ரெயில் என்றாலே தோல்வி என்று நினைத்துவிடக் கூடாது. கோலாலம்பூரில் போய் இறங்கிய நம்மவர்கள் சொல்வார்கள். அங்கே எல்.ஆர்.டி. என்ற பெயரில் லைட் ரெயில் 1996-ல் இருந்து ஓடுகிறது. 1998-ல் வந்த இன்னொரு தடத்தில் டிரைவரே இல்லாமல் ரெயில் ஓடுகிறது. பெயர்தான் லைட். ஓடுவதோ தூண் மேலும் சுரங்கத்திலும்! ரோட்டில் பங்கு கேட்காத தனிப்பாதை. அதனால் பிழைத்தது. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

படிக்கட்டில் தொங்கும் உயிர்

ஹெவி ரெயில் கூட்டத்தைத் தாங்கும். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. எல்லை தாண்டினால் ரெயில் நிற்காது, மனிதன் விழுவான்.

2018-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி. காலை நேரம். பரங்கிமலை ஸ்டேஷன். நெரிசலில் உள்ளே போக முடியாமல் படியில் தொங்கிக்கொண்டு போனவர்கள் பக்கவாட்டுக் கான்கிரீட் சுவரில் அடிபட்டு விழுந்தார்கள். வேலைக்குக் கிளம்பியவர்கள் பிணமாக வீடு திரும்பினார்கள். சென்னையையே உலுக்கிய சம்பவம் அது.

2025-ம் ஆண்டு ஜூன் 9-ந் தேதி மும்பையை அடுத்த மும்ப்ராவிலும் அதே கோரம். எதிரெதிரே போன இரண்டு மின்சார ரெயில்களில் தொங்கியவர்கள் உரசிக் கீழே விழுந்தார்கள். குறைந்தது 4 பேர் பலியானார்கள். இனி வரும் புறநகர் ரெயில்களில் தானாக மூடும் கதவு வைக்கப்படும் என்று ரெயில்வே அறிவித்தது.

மெட்ரோவில் இந்தப் பேச்சே இல்லை. கதவு மூடாமல் ரெயில் நகராது. ஆனால் ஒன்று. கதவு மூடினால் தொங்கியவன் பிளாட்பாரத்தில் நிற்பான். அவனுக்கு அடுத்த ரெயில் சீக்கிரம் வர வேண்டும். கதவு வைப்பது பாதி வேலை. ரெயிலை அதிகப்படுத்துவது மீதி வேலை. முதல் பாதியை மட்டும் செய்தால் ஆபீசுக்கு லேட்டாகப் போகிறவனுடைய சம்பளத்தில்தான் கை வைப்பார்கள்!

கோவை, மதுரை விவகாரம்

இந்த லைட் - ஹெவி கணக்கு இப்போது சென்னையோடு நிற்கவில்லை. கோவைக்கும் மதுரைக்கும் மெட்ரோ வேண்டும் என்று தமிழக அரசு அனுப்பிய திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2017-ம் ஆண்டு மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் ஜனத்தொகை வேண்டும், 2011 கணக்குப்படி அது இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம்.

பழைய கணக்கை வைத்துக்கொண்டு இன்றைய ஊரை அளக்கலாமா, ஆக்ராவுக்கும் போபாலுக்கும் கொடுத்தது எப்படி என்று அப்போது தமிழக அரசு தரப்பில் கேள்வி எழுந்தது. அரசியல் அனல் பறந்தது.

அரசியலை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பஸ்சுக்குக் காத்து நிற்கிறவனுக்கு வேறு கேள்வி. ஊரில் எத்தனை லட்சம் பேர் இருக்கிறார்கள் என்பது ஒரு கணக்கு. காந்திபுரத்திலோ பெரியார் பஸ் நிலையத்திலோ காலை ஒன்பது மணிக்கு எத்தனை ஆயிரம் பேர் ஒரே பக்கம் போகிறார்கள் என்பது வேறு கணக்கு. இரண்டாவது கணக்கை ஊரறியச் சொல்லிவிட்டால் மெட்ரோவா, லைட் ரெயிலா, தனிப்பாதை பஸ்சா என்ற சண்டை பாதி அடங்கிவிடும்.

சென்னையிலும் இந்தத் தடுமாற்றம் நடந்ததுதான். 2011-ல் மோனோ ரெயில் வரும் என்று அரசு அறிவித்தது. ஒரு தூண்கூட எழவில்லை. தாம்பரம் - வேளச்சேரி தடத்தில் லைட் ரெயில் விடலாம் என்றும் ஒரு சமயம் ஆலோசனை பேசப்பட்டது. நடுவில் மெட்ரோ மட்டும் 2015-ல் கோயம்பேடு - ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கி, 2021-ல் விம்கோ நகர் வரை எட்டியது. 2024-ல் மட்டும் அதில் 10 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள். விமான நிலையம், சென்டிரல், கோயம்பேடு என்று கூட்டம் கூடும் இடங்களைத் தொட்டுப் போனது. அதனால் பறக்கும் ரெயிலுக்கு வந்த கதி இதற்கு வரவில்லை.

நாலு கேள்வி

இனிமேல் எந்த மந்திரி, எந்த அதிகாரி, எந்த ரெயிலை அறிவித்தாலும் கைதட்டுவதற்கு முன் நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: நெருக்கடி நேரத்தில் இந்த ரோட்டில் மணிக்கு எத்தனை பேர்?

இரண்டு: ரெயிலுக்குத் தனிப்பாதை உண்டா? இல்லை, ஆட்டோவோடும் மாட்டோடும் மல்லுக்கு நிற்க வேண்டுமா?

மூன்று: இறங்கும் இடத்தில் பஸ் உண்டா? வெளிச்சம் உண்டா?

நாலு: கடைசி அரை கிலோமீட்டர் நிலம் கையில் இருக்கிறதா?

இந்த நாலுக்கும் பதில் இருந்தால் அது லைட் ரெயிலாக இருந்தாலும் சரி, ஹெவி ரெயிலாக இருந்தாலும் சரி, தாராளமாக வரட்டும். பதில் இல்லை என்றால் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் இன்னொரு இருட்டு ஸ்டேஷன் தயாராகிறது என்று அர்த்தம்.

லைட், ஹெவி என்பது ரெயிலுக்கு வைத்த பெயர். ஜனங்களைப் பொறுத்தவரை கேள்வி ஒன்றுதான். ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குள் வீடு போய்ச் சேர முடியுமா, முடியாதா?